எண் அல்ல

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். திருச்சி உறையூரில் ஸ்டுடியோ என்று பலகை மாட்டியிருந்தாலும் எடிட்டிங் நடப்பது வீட்டு மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறையில். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து ஊரடங்கு என்று சொன்னபோது என் டைரியில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பதினோரு முகூர்த்தங்கள் இருந்தன. ஒரு வாரத்துக்குள் ஒன்பது வீட்டார் போன் செய்து தள்ளிவைத்தார்கள். மீதி இரண்டு பேர் போன்கூடச் செய்யவில்லை. மூன்று பேர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கு நானாகக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மகள் அப்போது பயோடெக்னாலஜி இரண்டாம் வருடம். ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். மார்ச் கடைசி வாரத்தில் ஒருநாள் மாடிக்கு வந்து, போர்வை போர்த்தி வைத்திருந்த சிபியூவைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சும்மாத்தானே இருக்கு? ஆராய்ச்சிக்குக் குடுங்களேன்" என்றாள். தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஒரு சாஃப்ட்வேர் போட்டால் போதும், கொரோனா வைரஸைப் பற்றிய கணக்கில் ஒரு துண்டை அது போட்டு அனுப்பும் என்று விளக்கினாள்.

இந்த மாதிரி ஒன்றை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். 2000 வாக்கில் தில்லைநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் யாரும் உட்காராத கணினிகளிலெல்லாம் கலர் கலராக ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். வேற்றுக்கிரகவாசிகளின் சிக்னலைத் தேடுகிறது என்று கடைக்காரப் பையன் சொன்னதை நான் நம்பவில்லை. அவன் சொன்னது உண்மைதான். செட்டி அட் ஹோம் என்று பெயர்; பெர்க்லியில் 1999-இல் தொடங்கியது. மகள் என்னிடம் பேசிய அதே வாரத்தில், மார்ச் 31-இல், புதிய வேலை அனுப்புவதை அது நிறுத்திக்கொண்டது.

மகள் போட்டது ஃபோல்டிங் அட் ஹோம். 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கியது. 2020-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கிரெக் போமன் நடத்திக்கொண்டிருந்தார். புரதம் எப்படி மடிகிறது, எப்படி அசைகிறது என்று அணு அணுவாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. மகள் என் தொழில் பாஷையிலேயே புரியவைத்தாள்: எக்ஸ்ரே வைத்து வைரஸின் புரதத்தைப் பார்த்தால் கிடைப்பது ஸ்டில் போட்டோ. மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் பள்ளம், புரதம் அசையும்போது ஒரு கணம் திறந்து மூடுகிறதாக இருந்தால் போட்டோவில் அது விழாது. வீடியோ வேண்டும். அந்த வீடியோவை எடுக்கக் கேமரா கிடையாது; கணக்குப் போட்டுத்தான் வரையவேண்டும்.

எவ்வளவு நீள வீடியோ என்று கேட்டேன், பழக்கதோஷம். அதற்கு அப்போது அவளுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர்கள் கட்டுரை வெளியிட்டபோது தெரிந்தது: பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணினி கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிய மொத்த நேரம் 0.1 வினாடி. நான் ஒரு முகூர்த்தத்துக்கு ஏழு மணி நேரம் எடுக்கிறவன். ஆனால் எனக்கு வினாடிக்கு 25 ஃபிரேம்தான். அவர்களுக்கு ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சில ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைக் கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி பத்துக்கோடித் துண்டாக்கினால் வருவது ஒரு ஃபெம்டோ வினாடி.

முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. உலகம் முழுவதும் வீட்டில் முடங்கியவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததில் அவர்கள் கையில் பிரித்துக் கொடுக்க யூனிட் இல்லை. துண்டு ஒன்றுக்கு வொர்க் யூனிட் என்று பெயர். லாகைத் திறந்தால், உங்கள் கணினிக்கு இப்போது யூனிட் இல்லை என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். சாப்பாடு போடும்போது மனைவி, "என்னங்க, அதுக்காவது வேலை கிடைச்சுதா?" என்று கேட்பாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள் விடிகாலை முதல் யூனிட் வந்தது. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் உறுமிய சத்தத்தில் கீழே தூங்கிக்கொண்டிருந்த நான் எழுந்துகொண்டேன். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் எட்டு சதவீதம். ஒன்பது. பத்து. கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் அடுப்பு பற்றவைத்ததைப் பார்க்கிற நிம்மதி. பன்னிரண்டில் திரை கறுத்தது. இரண்டு மூன்று வினாடி கழித்துத் திரும்பி வந்தது. லாகில் சிவப்பில் ஒரு வரி: ஒரு துகளின் இருப்பிடம் "நேன்". அதற்குக் கீழே, கணக்கு மோசமான நிலையில் இருக்கிறது, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன். உங்கள் கணினியை ஓவர்க்ளாக் செய்திருக்கிறீர்களா?

நேன் என்றால் நாட் எ நம்பர், எண் அல்ல. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கணினி கொடுக்கிற பதில் அது. ஒரு அணு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஏதாவது ஓர் எண் வரவேண்டும். தப்பான எண் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்ததுபோல் ஆகி, விசை எக்கச்சக்கமாக எகிறி, அணு பிரபஞ்சத்தின் மறுகோடிக்குப் பறந்துபோய், கடைசியில் எண்ணே இல்லாமல் போய்விடும். மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, கெட்ட யூனிட் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

ஓவர்க்ளாக் செய்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு மனசுக்குள் பதில் சொன்னேன்: இல்லை. கடையில் வாங்கியபடியே இருக்கிறது, நான் எதையும் முடுக்கிவிடவில்லை. இந்தப் பதிலால் எனக்கு ஐந்து வாரம் போயிற்று.

அந்தக் கணினியின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2019 ஆடியில், தொழில் இல்லாத மாதத்தில், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அசெம்பிள் செய்து வாங்கிவந்தது. கார்டு மட்டும் செகண்ட்ஹேண்ட். ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. உள்ளே 2304 சின்னச் சின்னக் கணக்குப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கார்டு. புதுசின் விலையில் பாதிகூட இல்லை. "கேமிங் பையன் ஒருத்தன் வச்சிருந்ததுண்ணே, கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்றார் அசெம்பிள் செய்தவர். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அவரே விண்டோஸ், டிரைவர் எல்லாம் போட்டுக் கொடுத்தார். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுபோல ஓடுகிற சிஸ்டத்தைத் தொடக்கூடாது என்று அப்டேட்டை நிறுத்திவைத்தேன். எட்டு மாதம், இருபதுக்கு மேல் கல்யாணங்கள், ஒரு நாள் மக்கர் செய்ததில்லை.

அதனால் முதலில் சந்தேகப்பட்டது சாஃப்ட்வேரைத்தான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன் வரிசையாகப் பதிவுகள்: டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, மீட்டெடுக்கப்பட்டது. விண்டோஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்டிடம் வேலை கொடுத்துவிட்டு 2 வினாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் கார்டு மயங்கிவிட்டது என்று முடிவுகட்டி டிரைவரை உதறி எழுப்பும். கனமான கணக்கு ஓடும்போது நேர்மையான கார்டும் 2 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், ரெஜிஸ்ட்ரியில் போய் அந்தக் கெடுவை நீட்டிவைக்கலாம். மகள் அதை 10 ஆக்கினாள். விளைவு, முன்பு திரை 2 வினாடி உறைந்துவிட்டுக் கறுக்கும். இப்போது 10 வினாடி உறைந்துவிட்டுக் கறுத்தது.

அடுத்தது சூடு. திருச்சியில் ஏப்ரல். மேலே காங்கிரீட் கூரை. அறையில் ஏசி உண்டு. வருமானம் நின்றதால் அதைப் போடுவதில்லை என்று மார்ச்சிலேயே முடிவு. கேபினெட்டைத் திறந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. கார்டின் ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி, மேஜைக்கு மேல் சாமி படத்துக்கு வைக்கும் ஊதுபத்திச் சாம்பலோடு சேர்ந்து, கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஓவியத் தூரிகையால் தட்டி, லென்ஸ் துடைக்கும் ரப்பர் பல்பால் ஊதி எடுத்தேன். தெர்மல் பேஸ்ட் மாற்றியிருக்கலாம். என்னிடமிருந்த ட்யூபில் அது காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது, கடைகளோ மூடியிருந்தன. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தேன். 86 டிகிரியில் நின்றது 76-க்கு இறங்கியது.

அன்று ராத்திரி வந்த யூனிட் பன்னிரண்டைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. நான் தூங்கவில்லை. விடிகாலை ஐந்தேகாலுக்கு நூறு. நன்றி என்ற பதிலும் வந்தது. மகளை எழுப்பிச் சொன்னேன். "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள்.

கோளாறு சூடுதான் என்று அதோடு தீர்ப்பு எழுதிவிட்டேன். பாதி உண்மை முழு உண்மையைவிடப் பொல்லாதது என்று அப்போது தெரியவில்லை. சூட்டைக் குறைத்தால் நிலைமை தேறியது, அதனால் சூடுதான் நோய் என்று அடித்துச் சொல்ல என்னால் முடிந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓட்டுவது என்று வைத்துக்கொண்டேன். மூன்றில் ஒன்று தேறும். இரண்டு பிணமாகும். அம்மா தன் பங்குக்குப் பரணிலிருந்து வெட்டிவேர்த் தட்டியை இறக்கி ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்தாள். அறை மணத்தது. கார்டு அசைந்துகொடுக்கவில்லை.

தோற்றுப்போன யூனிட்டுகள் என்னாகும் என்று ஒருநாள் மகளிடம் கேட்டேன். சர்வர் அதை வேறு யாருக்காவது அனுப்பிவிடும் என்றாள். ஒரு யூனிட்டின் முடிவிலிருந்துதான் அடுத்த யூனிட் தொடங்கும், சங்கிலி மாதிரி. அதனால் நான் கெடுத்து அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் அந்தச் சங்கிலி அவ்வளவு நேரம் நின்றுபோகிறது. உதவி செய்கிறேன் என்று போய் உட்கார்ந்து பந்தியில் பரிமாறுகிறவர் காலில் இடறுகிற சொந்தக்காரரைப்போல் உணர்ந்தேன். நிறுத்திவிடலாமா என்றும் தோன்றியது. நிறுத்தவில்லை. காரணம் சேவை மனப்பான்மை என்று சொன்னால் பொய். எட்டு மாதம் குறையில்லாமல் உழைத்த ஒரு பொருள் ஏன் இந்த ஒரு வேலையில் மட்டும் சறுக்குகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 4, அக்னி நட்சத்திரம் பிறந்தது. இரவிலும் ஒன்றும் தேறவில்லை. மின்சாரத்தைச் சந்தேகித்தேன். சாயங்காலம் தெருவில் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடும்போது எங்கள் வீட்டில் டியூப் லைட் கண் சிமிட்டும். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மல்டிமீட்டர் வாங்கி ராத்திரி முழுக்க அளந்து நோட்டில் எழுதினேன். கீழே இருந்த பழைய கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி இதில் மாட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, நான்கு நாள் வீண்.

பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. அல்லது பெரிய புண்ணியம். டிரைவரை அடியோடு வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. கிராபிக்ஸ் கார்டு தகராறு என்று யாரிடம் சொன்னாலும் முதல் வைத்தியம் இதுதான். தொடாதே என்ற தொழில் பயத்தால் நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன். சேஃப் மோடில் போய், அதற்கென்றே இருக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓடவிட்டு, பழைய டிரைவரின் சுவடே இல்லாமல் துடைத்தோம். புதிய டிரைவரை அரை நாள் டவுன்லோடு செய்து போட்டோம். கணினி திரும்பி வந்தபோது திரையில் எழுத்துகள் கண் தெரியாதவருக்கு எழுதியதுபோல் தடிதடியாக இருந்தன. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். கோடு 43: சிக்கல்களைத் தெரிவித்ததால் விண்டோஸ் இந்தக் கருவியை நிறுத்திவிட்டது.

மறுபடி வழித்தோம். பழைய பதிப்பு டிரைவரைப் போட்டோம். 43. அதைவிடப் பழையது. 43. புரதம் போகட்டும், இப்போது எடிட்டிங்கும் போச்சு. ஊரடங்கு முடிந்து நாளைக்கே ஒருவர் கல்யாணம் என்று வந்து நின்றால் என்னிடம் கணினி இல்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

மூன்றாம் நாள் ரிச்சி தெரு அசெம்பிள்காரருக்குப் போன் செய்தேன். அவரும் கடை மூடி வீட்டில்தான் இருந்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது, நான் விஷயத்தைச் சொல்லும்வரை.

"டிரைவரை ஏண்ணே தொட்டீங்க?"

"தொட்டா என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுக்கு நான் ஒரு பேட்ச் போட்டிருந்தேண்ணே. அது இல்லாட்டி அந்தக் கார்டை டிரைவர் ஏத்துக்காது."

"ஏன் ஏத்துக்காது?"

"பயோஸ் மாத்தின கார்டுண்ணே அது." பிறகு, யாரோ பக்கத்தில் இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "மைனிங் கார்டு."

2017-18-இல் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்ட இந்த வகைக் கார்டுகளை ஆறு, எட்டு என்று ஒரே சட்டத்தில் அடுக்கி இரவும் பகலும் ஓட்டினார்கள். 2018 ஜனவரியில் 1,400 டாலர் வரை போன அதன் விலை அந்த வருட முடிவுக்குள் நூறு டாலருக்கும் கீழே விழுந்தது. நடுவில் ஏப்ரலில், கிரிப்டோ ஆட்களோடு வங்கிகள் தொடர்பு வைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. தோண்டியவர்கள் சட்டங்களைப் பிரித்துக் கார்டுகளைத் தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்று துடைத்து மெருகேறி என் வீட்டுக்கு வந்திருக்கிறது. கண்ணாடி மாதிரி.

அசெம்பிள்காரர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. எத்தேரியம் தோண்ட அப்போது கார்டின் மூளை அதிகம் வேண்டியதில்லை, மெமரியின் வேகம்தான் வேண்டியிருந்தது. அதனால் கார்டுக்குள் இருக்கும் பயோஸ் என்ற அடிப்படை நிரலைத் திருத்தி, மூளையின் வேகத்தைக் குறைத்து மின்செலவை மிச்சம் பிடித்து, மெமரியை அதன் தாங்குதிறனின் விளிம்புவரை விரட்டுவார்கள். அவ்வப்போது மெமரி தப்பான எண்ணைக் கொடுக்கும். அதைப்பற்றிக் கவலையில்லை. தோண்டும் வேலையில் ஒரு விடை தப்பானால் அந்த விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். நூற்றுக்கு ஒன்று போனாலும் வேகத்தில் லாபம்தான். வீடியோவில் ஒரு புள்ளி தப்பானால் அது வினாடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திரையில் இருந்துவிட்டுப் போய்விடும். புரதக் கணக்கு அப்படியல்ல. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் தோள்மேல் நிற்கிறது. பல லட்சம் படிகளில் ஒன்றில் ஒரே ஓர் அணு பிசகினால் எல்லாம் சரியும்.

ஓவர்க்ளாக் செய்திருக்கிறீர்களா என்று லாக் முதல் நாளே கேட்டது. செய்திருந்தது. செய்தது நானில்லை என்பது கார்டுக்குத் தெரியாதே. சூட்டின் கதையும் விளங்கியது: விளிம்பில் நின்ற மெமரி தை மாதத்தில் தள்ளாடாமல் நின்றது, அக்னி நட்சத்திரத்தில் விழுந்தது. ஏப்ரலில் நான் ஜிபியூ-இசட் என்ற சின்ன நிரலில் கார்டின் விவரங்களைப் பார்த்திருந்தேன், வெப்பநிலைக்காக. அதே திரையில் மெமரி வேகம் 2150 என்று இருந்தது. இந்த வகைக்கு 2000 இருக்கவேண்டும். 1340-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய மூளை வேகம் 1150. இரண்டையும் நோட்டில் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"இப்ப என்ன பண்றது தம்பி? பேட்ச் அனுப்புறீங்களா?"

"வேணாண்ணே. கரண்டை ஆஃப் பண்ணிட்டுக் கார்டைக் கழட்டுங்க. மேல் விளிம்புல சின்னதா ஒரு ஸ்விட்ச் இருக்கும் பாருங்க."

இருந்தது. அரிசி மணி அளவில் ஒரு கறுப்பு ஸ்விட்ச். சில கார்டுகளில் இரண்டு பயோஸ் வைத்திருப்பார்கள், ஒன்று கெட்டால் இன்னொன்றுக்கு மாற. தோண்டுகிறவர்கள் ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றைப் பெரும்பாலும் தொடாமல் விடுவார்கள். என் கார்டில் அது தொடப்படாமல் இருக்கிறதா என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். குண்டூசித் தலையால் தள்ளினேன். கிளிக் என்றுகூடக் கேட்கவில்லை.

டிரைவர் ஏறியது. எழுத்துகள் மெலிந்து பழையபடி ஆயின. மெமரி 2000.

இதோடு சுபம் போடலாம் என்று பார்த்தால், மூளை இப்போது தன் முழு வேகத்துக்கு வந்துவிட்டது அல்லவா? முதல் யூனிட் ஏறியதுமே யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. இந்தக் கார்டு முழு மூச்சில் 185 வாட் குடிக்கும். தோண்டியவர் அதைப் பட்டினி போட்டுப் பழக்கியிருந்ததால் என் 600 விஏ யுபிஎஸ் இத்தனை நாள் சமாளித்திருக்கிறது. சூடு மறுபடி 85. பத்தாவது நிமிடம் கணினி மொத்தமாக அணைந்து, தானே மறுபடி ஏறியது. முன்பு திரை மட்டும் கறுத்துத் திரும்பும். இது வேறு ஜாதி வீழ்ச்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஐந்து வாரப் பாடம் இருந்ததால், இந்த முறை மெமரியைச் சந்தேகிக்கவில்லை. டிரைவரின் அமைப்புக்குள் போய் மின்வரம்பை 25 சதவீதம் குறைத்தேன். கீச்சுச்சத்தம் நின்றது. சூடு 74. வேகத்தில் போனது கொஞ்சம்தான். ஆக, அந்த முகம் தெரியாத மைனிங்காரர் செய்ததில் ஒரு பாதி சரி. மெமரியை விரட்டியது அக்கிரமம். மூளையை நிதானப்படுத்தியது, எங்கள் ஊர் வெயிலுக்கு, நல்ல யோசனை. கார்டைச் செய்தவர்கள் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை.

அந்த இரவு யூனிட் முடிந்தது. அடுத்ததும். மே 20-லிருந்து ஜூன் கடைசிவரை ஒரே ஒரு யூனிட் தோற்றது; அதுவும் பூனை மேஜையேறி யுபிஎஸ் பட்டனை மிதித்ததால்.

மகள் பின்னால் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினாள். 2010 வாக்கில் பாண்டேயின் குழு இந்த ஃபோல்டிங் வலையிலேயே, 50,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு மெமரியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கார்டுகள் எங்கோ எப்போதோ ஒரு பிட்டைத் தப்பாகச் சொல்லியிருக்கின்றன. சர்வர்களில் இருப்பதுபோல் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் மெமரி வீட்டுக் கார்டுகளில் கிடையாது. விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் அது தேவைப்படாது என்பது கணக்கு.

வீடியோவுக்குத் தேவைப்படாது என்ற வரி என்னை உறுத்தியது. ஊரடங்கில் நேரம்தான் கொட்டிக் கிடந்ததே. ஆவணி முதல் மாசி வரை அந்தக் கார்டில் ரெண்டர் செய்து கொடுத்த கல்யாணங்களின் காப்பியைத் திறந்து, சந்தேகமான இடங்களை ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தேன். நான்கு நாள் பார்த்தேன். மாசியில் முசிறிப் பக்கம் நடந்த ஒரு கல்யாணம். பந்திக் காட்சி. சாம்பார் வாளியோடு ஒருவர் குனிகிறார். வாளியின் மேல் நகக்கண் அளவுக்குப் பச்சையாக ஒரு சதுரம். முந்தைய ஃபிரேமில் இல்லை. அடுத்த ஃபிரேமிலும் இல்லை.

அந்த வீட்டார் டிவிடி வாங்கிப்போய்ப் பார்த்து, ரொம்பத் திருப்தி என்று போன் செய்து, தம்பி கல்யாணத்துக்கும் என்னையே சொல்லியிருந்தார்கள். அவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. கேமராவிலிருந்து இறக்கிய ஒரிஜினலை எடுத்து அந்தக் காட்சியை மட்டும் திருத்தி ஹார்டு டிஸ்க்கில் தனியாக வைத்திருக்கிறேன்.

மின் கட்டணத்தை மனைவி பார்த்தது ஊரடங்கு தளர்ந்து ரீடிங் எடுக்க ஆள் வந்த பிறகுதான். ஒரு நாளைக்கு இரவு மட்டும் ஓட்டினாலே இரண்டு யூனிட் மின்சாரத்துக்கு மேல். அப்போதைய விதிப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். தாண்டியிருந்தது. அதன் பிறகு வீட்டில் ஓர் உடன்பாடு வந்தது. கார்டின் அந்தச் சின்ன ஸ்விட்சின் மேல் மெடிக்கல் டேப் ஒட்டி, பேனாவால் "தொடாதே" என்று எழுதியிருக்கிறேன். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் புரதம் ஓடும். மற்ற மாதங்களில் கார்டுக்கு முகூர்த்த வேலை இருக்கிறது.